கம்புக்குப் பாஸ் இல்லை

கோலூன்றித் தாண்டுவதற்கான தேர்வு நாளைக் காலை தலைநகரில். ஆனால் பிரிஸ்காவின் கம்பு, எப்படித் திருப்பினாலும் ரயில் பெட்டிக்குள் நுழையவில்லை. ஜன்னலுக்கு வெளியே துப்பட்டாவால் கட்டினாள். டிக்கெட் பரிசோதகர் வந்து அவிழ்த்துவிட்டார்.

“பாஸ் உனக்குத்தாம்மா போட்டிருக்கு. கம்புக்கு இல்ல.”

“கம்பக் குடுத்ததும் கவர்மென்ட்டுதான் சார். ரயிலும் கவர்மென்ட்டுதான!”

“அது வேற டிபார்ட்மென்ட்டும்மா.” அவர் கெட்டவரில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரெண்டா அறுத்து எடுத்துக்கிட்டு ஏறேன். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க” என்றார்.

பச்சைக்கொடி அசைந்தது. அடுத்த தேர்வு வருவதற்குள் அவளுக்கு வயது கடந்துவிடும். நகரும் ரயிலின் வாசல்களிலிருந்து கைகள் நீண்டன.

“அதக் கீழ போட்டுட்டு ஏறும்மா!”

அவள் கம்பை இடுப்போடு அணைத்து உயர்த்திக்கொண்டு ஓடத் தொடங்கினாள். மைதானத்தில்கூட இத்தனை வேகமாக ஓடியதில்லை. கடைசிப் பெட்டியும் கடந்து போனது. பிளாட்பாரத்தின் முனை நெருங்கியது. அவள் நிற்கவில்லை. கம்பை ஊன்ற ஒரு குழி கிடைக்காதா என்று அவள் கண்கள் தரையெங்கும் தேடிக்கொண்டிருந்தன.