ஒரே ரத்தம்

"உங்க மில்லுல வேலை பாக்குற ஒடிசாக்காரங்களுக்கு மட்டும் ரத்தம் டெஸ்ட் பண்ணணும் சார்" என்றேன்.

பேண்டேஜ் மில் முதலாளி ஐயாதுரை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"என்ன டாக்டர் பேசுதீய? மனுசனுக்கு மனுசன் ரத்தத்துல என்ன வித்தியாசம்? ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வந்து எங்க ராஜபாளையத்துல இனவெறியக் கிளப்புதீயளா?"

"இனவெறி இல்ல சார். நேத்து உங்க பிளீச்சிங் செக்ஷன்ல மயங்கி விழுந்த சுக்ராமுக்கு சிக்கிள் செல். பரம்பரையா வர்ற ரத்த நோய். அவர் ஊர்ப்பக்கம் நிறைய பேருக்கு இருக்கு. அவங்கள வெக்கையில நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. வேற வேலைக்கு மாத்தணும்."

வேலையை மாற்ற வேண்டும் என்றதும் மனிதநேயம் அவருக்கு இன்னும் பொங்கியது.

"அதெல்லாம் முடியாது. ஒடிசாக்காரன், உள்ளூரு செட்டியார்பட்டிக்காரன்னு நான் பிரிச்சுப் பாக்க மாட்டேன். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்!"

அவர் தலைக்கு மேலே, ஏதோ சங்கம் கொடுத்த 'சமத்துவச் செம்மல்' கேடயம் பளபளத்தது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பேக்கிங் ஹாலில் உள்ளூர்க்காரர்களுக்கு வரிசையாக ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்திருந்த பிளீச்சிங் செக்ஷனில், கொதிக்கும் தொட்டிகளுக்கு நடுவே நின்ற அத்தனை பேரும் ஒடிசாக்காரர்கள். அங்கே பேருக்குக்கூட ஒரு ஃபேன் இல்லை.

"இங்க ஏன் ஃபேன் போடல?" என்று சூப்பர்வைசர் எட்வினிடம் கேட்டேன்.

"இவனுகளுக்குத் தேவையில்ல மேடம். இவனுக ரத்தமே வேறயாம், வெக்கையே தெரியாதாம். மொதலாளிதான் சொன்னாரு. சயின்ஸாம்."