ஹேசலின் முதுகுவலி

“முதுகுவலின்னு எழுதிக் குடுத்துடுங்க டாக்டர். வெறும் முரட்டுத்தனம்னு போட்டீங்கன்னா இன்ஷூரன்ஸ்காரன் சல்லிக்காசு தரமாட்டான்!”

“வலி இருந்தா எழுதறேன் மெரில். இல்லாததை எழுத நான் என்ன கதாசிரியனா?” என்றார் மிருக வைத்தியர் பெட்டிஃபர், குதிரை ஹேசலின் முதுகெலும்பை விரலால் அழுத்திக்கொண்டே.

இன்ஷூரன்ஸ் பணம் கிடக்கட்டும். மெரிலின் பெரிய கவலை லாயத்து வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தது. டாம்சின். இருபத்திரண்டு வயது. மெரில் தபால் அலுவலகத்துக்கு வேலைக்குப் போகும் நாட்களில், வாரத்துக்கு நாலு நாள், ஹேசலை ஓட்டுபவள். அவள் ஏறினால் ஹேசல் பூனைக்குட்டி. சொந்தக்காரி மெரில் ஏறினால் மட்டும் ஒரே துள்ளல், ஒரே உதறல். இந்த மாதத்தில் மூன்று தடவை சேற்றில் விழுந்தாயிற்று.

“குதிரைக்கு ஒண்ணுமில்லைன்னா எனக்கே வித்துடறேன்னு சொன்னீங்க, ஞாபகம் இருக்குல்ல?” என்றாள் டாம்சின்.

“எல்லாம் இருக்கு. கேரட்டைக் காட்டி மயக்கி வச்சிருக்கே நீ!”

“கேரட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவளுக்கு என்னைப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.”

மெரிலுக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது வருடமாகச் சாணி அள்ளியது யார்? பனியிலும் மழையிலும் போர்வை மாற்றிவிட்டது யார்? போன வருடம் வந்தவளைப் பிடிச்சிருக்காம்!

எக்ஸ்ரே எடுத்து முடித்த டாக்டர், முதுகில் இரண்டு இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டார். கால் மணி நேரம் கழித்து, “இப்ப ஏறுங்க” என்றார்.

மெரில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். துள்ளல் இல்லை. உதறல் இல்லை. மைதானத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு வாயெல்லாம் பல்லாக இறங்கினாள்.

“வலியேதான். முதுகெலும்பு ஒண்ணோட ஒண்ணு உரசுது. தாராளமா எழுதித் தரேன்” என்றார் டாக்டர்.

“கேட்டியாடி டாம்சின்? குதிரை எனக்குத்தான்!” என்று கத்தியவள், டாக்டரிடம் திரும்பினாள். “எத்தனை நாளா இருக்கும் டாக்டர்?”

“எலும்பு தேஞ்சிருக்கறதைப் பார்த்தா, ஒரு வருஷத்துக்குக் குறையாது.”

மெரிலின் சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு வருடமா? அப்படியென்றால் இத்தனை வலியையும் பொறுத்துக்கொண்டு ஹேசல் டாம்சினை அலுங்காமல் சுமந்திருக்கிறது. தன்னை மட்டும் சேற்றில் தள்ளியிருக்கிறது! ஜெயித்தும் தோற்றுப்போனதுபோல இருந்தது. அந்தத் திமிர் பிடித்தவள் இப்போது எப்படி இளிக்கிறாள் பார்ப்போம் என்று திரும்பினாள்.

டாம்சின் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள்.

“நாலு நாள் என்கூடத்தானே இருக்கா... வலிக்குதுன்னு என்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லலையே மெரில். உங்ககிட்ட மட்டும்தானே சொல்லியிருக்கா!”