காயாத பலகை

"சார், கொஞ்சம் வந்து பாருங்க. யாரோ மிதிச்சு வெச்சிருக்காங்க."

பாலீஷ்காரருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

வீட்டின் பின்பக்கம், பின்சந்துப் பக்கம் பார்த்த அந்த மரத்தளம் மழையிலும் வெயிலிலும் கிடந்து கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. வாரம் முழுக்க அதனோடு மல்லுக்கட்டியிருந்தார். பைப்பைப் பிடித்துப் பீய்ச்சி அடித்தால் மரம் நார் நாராக எழும்பிவிடும் என்று, முட்டி போட்டு உட்கார்ந்து, ரேகை போன போக்கிலேயே பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். தலைதூக்கிய ஆணிகளை அடித்து இறக்கினார். நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க நேற்று சாயங்காலம்தான் சீலர் பூசினார்.

அது பாலீஷ் இல்லை, சீலர் என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்து அலுத்துப்போய், இப்போதெல்லாம் போனை எடுத்தால் அவரே "பாலீஷ்காரன் பேசறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஒரு குருவிகூட உட்காரக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். கேட்டால்தானே? கதவிலிருந்து மூலைக் கைப்பிடிக் கம்பி வரைக்கும் வெறுங்காலை இழுத்து இழுத்து நடந்த தடம். மூலையில் யாரோ வெகுநேரம் நின்று, கால் மாற்றி மாற்றி மிதித்ததில் சீலர் குழம்பிக் கிடந்தது.

வீட்டுக்காரர் வந்தார். ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"இங்க வா! வந்து பாரு நீ பண்ணியிருக்கற லட்சணத்தை!"

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அவனைப் பார்க்கத்தானே போய் நின்னே?"

'அவன்' யார் என்று பாலீஷ்காரருக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். அப்பாவின் இரும்புக்கடையில் உட்கார மாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு போன ஒரே மகன். பின்சந்தில் ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இந்த வீட்டில் மரத்தளத்தின் அந்த மூலையில் நின்றால் மட்டும் அவன் கடை தெரியும்.

"அவன் கடையைத் திறந்தா என்ன, மூடினா நமக்கென்ன? இந்த வீட்ல ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

அவள் தடத்தைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

"நான்தாங்க. ஞாபகமில்லாம நடந்துட்டேன்."

இனிமேல்தான் பெரிய ஆட்டம் இருக்கிறது என்று பாலீஷ்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆனால் மனிதர் பொசுக்கென்று அடங்கிவிட்டார். "சரி சரி, சீக்கிரம் சரி பண்ணச் சொல்லு" என்று யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு இரும்புக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பாலீஷ்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. பெத்த புள்ளையைப் பார்க்கறதுக்குமா பர்மிஷன்? கல்நெஞ்சக்காரங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் நேர்ல பார்க்கறேன்."

அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவன் கடைப்பக்கம் போவியா தம்பி?"

"போன வாரம்தாம்மா பஞ்சர் ஒட்டப் போனேன். நல்லாத்தான் இருக்கான். தாடி விட்டிருக்கான்."

"தாடியா?"

அந்த ஒரு வார்த்தையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டவள்போலக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"அவனுக்கு நல்லா இருக்கா?"

"ராஜா மாதிரி இருக்கும்மா."

முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, வேலை விஷயத்துக்கு வந்தாள். "இதைச் சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"மிதிச்ச இடத்துல மட்டும் ஒட்டுப் போட்டா திட்டுத் திட்டாத் தெரியும். பலகையை இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் தேய்ச்சு எடுத்துட்டுத்தான் மறுபடி பூசணும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கால் வெக்க முடியாது."

"ஐயோ, நாளைக்குக் காலையில வேணுமே!"

அவள் பதறிய பதற்றத்தில் பாலீஷ்காரர் மனசு இளகிவிட்டது.

"சரி, உங்களுக்காக ஒண்ணு பண்றேன். இன்னிக்கு ஒரு பலகை விட்டு ஒரு பலகை பூசறேன். மீதியை நாளைக்குப் பார்த்துக்கலாம். காலையில, பூசாம வெளுப்பாத் தெரியற பலகையில மட்டும் கால் வெச்சுப் போய், கண்ணாரப் பாருங்க உங்க புள்ளையை."

"அதை என்கிட்ட சொல்லாத தம்பி. சாயங்காலம் அவரு வந்தப்புறம், அவரு காதுல விழற மாதிரி சத்தமாச் சொல்லிட்டுப் போ."

"சாருக்கா? அவருக்கு எதுக்கும்மா?"

"அது அவரு காலுப்பா. தினம் விடிஞ்சதும், நான் தூங்கறேன்னு நினைச்சுக்கிட்டு இங்க வந்து நிப்பாரு. அவன் ஷட்டரைத் தூக்கினப்புறம்தான் உள்ள வருவாரு."

பாலீஷ்காரர் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"அப்புறம் ஏம்மா பழியை நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

"பிடிபட்டுட்டா நாளையிலேர்ந்து வந்து நிக்க மாட்டாரே தம்பி. இங்கேர்ந்து பார்த்துப் பார்த்துத்தானே, என்னிக்காவது ஒரு நாள் இறங்கி அவன்கிட்ட போவாரு!"