துவைத்த சட்டை

"கிழிசலைத் தைக்கச் சொன்னா, யாரு உங்களைத் துவைக்கச் சொன்னது?"

"ஓசியில துவைச்சுக் கொடுத்ததுக்கு சண்டைக்கு வர்றீங்களேக்கா! ஒரே வேர்வை நாத்தம்," என்றார் தையல்காரர்.

அவள் கையிலிருந்தது ஒன்பதாம் எண் போட்ட கால்பந்துச் சட்டை.

தைக்கக் கொடுத்த கோட்டை வாங்க வந்தவர் எட்டிப் பார்த்தார். டிவியில் தினமும் வரும் முகம். அந்த ஒன்பதாம் எண் சட்டையில் ஆடும் வீரரே அவர்தான். தையல்காரருக்கு வாயெல்லாம் பல்.

"என் நம்பராச்சே. யாரோடதும்மா?"

"என் பையனோடது. உங்க ஆட்டம்னா அவனுக்கு உயிரு."

"இதுக்கா சண்டை? புதுச் சட்டையில கையெழுத்துப் போட்டு, நானே வீட்டுக்கு வந்து அவன் கையில கொடுக்கறேன்."

அவள் சட்டையில் முகம் புதைத்து முகர்ந்தாள். சோப்பு மணந்தது.

"வாங்கிக்க அவன் இல்ல தம்பி. அவன் வாசனை இந்தச் சட்டையில மட்டும்தான் மிச்சமிருந்துச்சு."