ரெட்டைச் சுழி

முடிவெட்டி முடித்த சலூன்காரர் ஏசுவடியான், கைக்கண்ணாடியை எடுத்துத் திரவியத்தின் தலைக்குப் பின்னால் பிடித்தார். பின்னந்தலையிலிருந்து கிளம்பிய வெளிச்சம் அதில் பட்டு, எதிரே சுவர்க்கண்ணாடிக்குத் தாவி, அங்கிருந்து திரவியத்தின் கண்ணில் வந்து விழுந்தது. இத்தனை வருஷம் அடர்ந்த முடிக்குள் ஒளிந்திருந்த இரண்டு சுழிகள், வழுக்கை விழத் தொடங்கிய உச்சியில் வெளியே வந்திருந்தன. கண்ணாடி இரண்டு என்பதால் இடவலம்கூட மாறவில்லை.

அது அப்பாவின் தலை. சிறுவயதில் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் வரைக்கும் திரவியம் பார்த்துக்கொண்டே போன தலை. எண்ணெய் மினுங்கும் அந்தச் சுழிகளில் விரலை விட்டுச் சுற்றினால், "சும்மா இருலே, கூசுது" என்று அப்பா சிரிப்பார். ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு பொண்டாட்டி என்று ஊர் கேலியாகச் சொன்னது பலித்தது. ஒருநாள் மகனைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டவர், திரும்பியே பார்க்காமல் இன்னொருத்தி வீட்டுக்கு மிதித்துப் போய்விட்டார். அதன்பிறகு அம்மா தலை சீவிவிடும்போதெல்லாம் திரவியத்தின் உச்சியில் மட்டும் சீப்பை அழுத்தி அழுத்தி இழுப்பாள். ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.

"ரெட்டச் சுழியால்லா இருக்கு! லேசா சீவி மறச்சிரட்டுமா, அண்ணாச்சி?" என்று கேட்டபடி ஏசுவடியான் கண்ணாடியைத் தாழ்த்தப் போனார்.

"வேண்டாம். கொஞ்ச நேரம் அப்படியே புடியும்" என்றார் திரவியம். "திரும்புதாரான்னு பாப்போம்."