பக்கத்தில் வந்த பெட்டி

பெட்ரோலில் ஓடும் குட்டி விமானம் ஒன்றின் வயிற்றுக்குள் ரிசீவர் குடியிருந்தது. இன்னாசிமுத்து தரையில் நின்று ரிமோட்டில் சொல்வதைக் கேட்டு, இறக்கைக்கும் வாலுக்கும் எடுத்துச் சொல்வது அதன் வேலை. காது தவறினால் விமானம் விழுந்து நொறுங்கும்.

ஒருநாள் அவர், என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் புது இக்னிஷன் பெட்டியை ரிசீவருக்குப் பக்கத்திலேயே பொருத்தினார். பறக்கவிடும் முன் தரையிலேயே என்ஜினை ஓட்டிப் பார்த்தார். பெட்டி படபடவென்று பேசத் தொடங்கியது.

"தம்பி, கொஞ்சம் மெதுவா. அவர் சொல்றது எனக்குக் கேக்கல."

"மெதுவாத்தான் பேசறேன் அண்ணே. என் குரலே இதுதான்."

"அங்க பாரு, வால் தன்னால உதறுது!"

"அதுக்கு என்ன வியாதியோ! அண்ணே, நான் இல்லாட்டி என்ஜினே ஓடாது, தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? நீ வாயைத் திறந்ததிலேர்ந்து அதைத்தானே கேக்கறேன்!"

வால் உதறுவதைக் கண்ட இன்னாசிமுத்து என்ஜினை நிறுத்தினார். பெட்டியைக் கழற்றி, ஸ்பாஞ்சில் சுற்றி, மூக்குப் பகுதியில் என்ஜினை ஒட்டினாற்போல் வைத்துக் கட்டினார். ரிசீவருக்கு உயிர் வந்தது.

விமானம் மேலே ஏறியது. சற்று நேரத்தில் முன்பக்கமிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"அண்ணே, இந்த என்ஜின் என்ன ஆளு? வாயே மூட மாட்டேங்கிறான். பக்கத்தில ஒருத்தன் இருக்கானேங்கிற நினைப்பு வேணாமா?"

ரிசீவரின் காதெல்லாம் தரையில் இருந்தது. இன்னாசிமுத்து இடப்பக்கம் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.