ஆந்தைக்குன்றுக்கு ஒரு பக்கம்

“அந்த மலைய மட்டும் எடுத்துருங்கண்ணே” என்றான் அருண்பாண்டி. ஆனையூரில் ஹரிஷங்கரின் பதிப்பகத்துக்கு வந்து உட்கார்ந்தவன், கொடுத்த டீயை இன்னும் தொடவில்லை.

மதுரையிலிருந்து காரில் மலைப்பாதைகளுக்குக் கிளம்புகிறவர்களுக்காக ஹரிஷங்கர் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போடுகிறார். எங்கே வண்டியை நிறுத்தினால் என்ன பாறை, என்ன பறவை, என்ன பழங்கதை என்று இடத்துக்கு ஒரு பக்கம். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும்.

மேலூரைத் தாண்டி நத்தம் பக்கம் பிரிகிற சாலையில் இருக்கும் ஆந்தைக்குன்றும் அதில் உண்டு. ஹரிஷங்கர் வாட்ஸ்அப்பில் போட்ட விளம்பரத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் அருண்பாண்டி வந்திருக்கிறான். அந்தப் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் அவன் மேனேஜர்.

லாரி போகிற ரோடு, கார்க்காரர்களுக்கு ஆபத்து என்று ஆரம்பித்தான். முதலாளி கோபக்காரர் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தான். “அங்க பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்லண்ணே. ஒரு பக்கத்த எதுக்கு வீணாக்குறீங்க?”

அவன் போனதும் ஹரிஷங்கர் ஸ்யாமளாவை வரச்சொன்னார். கல்லூரியில் நிலவியல் நடத்துகிற அவர்தான் புத்தகத்தை எழுதியவர். மிரட்டலைச் சொல்லக் கூச்சப்பட்டு, படத்தைக் காரணம் காட்டினார் ஹரிஷங்கர். எல்லா இடத்துக்கும் புது போட்டோ இருக்கிறது. ஆந்தைக்குன்றுக்கு மட்டும் ஸ்யாமளா கையால் வரைந்த பென்சில் படம். ஒட்டவில்லையே, விட்டுவிடலாமா என்றார்.

“குவாரியிலேருந்து ஆள் வந்தானா சார்?” என்று கேட்டார் ஸ்யாமளா. ஹரிஷங்கர் தலையைக் குனிந்துகொண்டார். “அந்தப் பக்கம் இல்லேன்னா என் பேரும் வேண்டாம். வேற யார் பேரையாவது போட்டுக்குங்க.”

ஹரிஷங்கருக்கு ஒரு வழக்கம் உண்டு. அச்சுக்கு முன்னால், எழுதிய பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் போய் நிற்பார். வரிவரியாக ஒத்துப் பார்த்து, பொருந்தாததை அடித்துவிடுவார். ஆந்தைக்குன்று மட்டும்தான் பாக்கி.

“எழுதினபடி இருந்தா எவன் வந்தாலும் போடுறேன் மேடம். இல்லேன்னா எடுத்துருவேன்” என்றார். ஏதாவது ஒரு தப்பு இருந்துவிட்டால் நிம்மதி என்றும் உள்ளுக்குள் ஓடியது.

“வண்டிய எடுங்க” என்றார் ஸ்யாமளா.

ஒத்தக்கடையில் யானைமலை தெரிந்ததுமே அவர் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். பூமிக்கு அடியில் வெந்து இளகியபோது வெளிர் தாதுக்களும் கறுப்புத் தாதுக்களும் தனித்தனியாகப் பிரிந்துகொண்டதால்தான் பாறையில் அந்த வரிகள். மேலே அழுத்திக்கொண்டிருந்த பாரம் மழையிலும் காற்றிலும் கரைந்ததும், பாறை கொஞ்சம் உப்பி, வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் பிளந்துகொள்ளும். அந்தப் பிளவுகளில் இறங்குகிற மழைத்தண்ணீர்தான் கோடையிலும் சுனையாகக் கசிவது. ஆந்தைக்குன்றும் இதே சாதிப் பாறைதான் என்றார். ஹரிஷங்கருக்குப் பயம் போய் ஆசை வந்துவிட்டது.

மேலூர் தாண்டிக் கிளைச்சாலையில் திரும்பியதும் பக்கத்தை விரித்துக்கொண்டார். ‘கண்மாய் முடிகிற இடத்தில் வேலமரத்தடியில் வண்டியை நிறுத்துங்கள்’ என்றிருந்தது. கண்மாய் இருந்தது, வேலமரமும் இருந்தது. நிறுத்தினார்.

‘இறங்கி, இடப்பக்கம் அண்ணாந்து பாருங்கள். உச்சிச் சுனையின் மேல் வல்லூறு வட்டமிடுவது தெரியும்.’

இறங்கி அண்ணாந்து பார்த்தார். வெறும் வானம்தான் தெரிந்தது. தப்பான இடத்தில் நிறுத்திவிட்டோமோ என்று மரத்தைச் சுற்றி வந்து மறுபடியும் பார்த்தார்.

ஸ்யாமளா கையைக் கீழே காட்டினார். முள்கம்பிக்கு அந்தப் பக்கம், பனைமரத்தையே முழுசாக விழுங்குகிற ஆழத்துக்கு ஒரு பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர். ரம்பம் வைத்து அறுத்த சுவர்களில் வெள்ளையும் ரோஸும் கறுப்புமாக அந்த வரிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

“மலை எங்க மேடம்?” என்றார் ஹரிஷங்கர்.

“நீங்க இதக் கேக்கணும்னுதான் சார் அந்தப் பக்கத்த எழுதினேன். நான் பாத்து வரைஞ்ச மலைய முழுசா அறுத்து லாரியில ஏத்திட்டாங்க. இது எப்பவுமே பொட்டல்தான், இங்க மலையே இருந்ததில்லன்னு இப்போ சாதிக்கிறாங்க. புத்தகத்தப் பாத்துட்டு வர்ற ஒவ்வொருத்தரும் இதே மரத்தடியில நின்னு, மலை எங்கன்னு இவங்களக் கேக்கட்டும்.”

அதற்குள் குவாரி கொட்டகையிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான் அருண்பாண்டி. ஹரிஷங்கர் கையிலிருந்த தாளைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது.

“ஒண்ணுமே இல்லேன்னு நான்தான் சொன்னேன்லண்ணே. அந்தப் பக்கத்த எடுத்துருவீங்கல்ல?”

ஹரிஷங்கர் தாளை ஒருமுறை பார்த்தார். குன்றைப் பற்றி எழுதியிருந்ததில் ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அட்டையிலயே போடப் போறேன் தம்பி.”